80 கிலோவிலிருந்து வெறும் பாருக்கு

80 கிலோ ஏற்றி ஸ்குவாட் (தோளில் எடையைச் சுமந்தபடி உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வெறும் பாரோடு போய் நின்றேன். வெறும் பார் என்றால் எடைத் தட்டு எதுவும் மாட்டாத இரும்புக் கம்பி, 20 கிலோ. ஜிம்மில் யாரும் நம்மைக் கவனிப்பதில்லை என்று தெரிந்தும் கூச்சமாகத்தான் இருந்தது. வேறு வழியில்லை. ஸ்குவாட் போட்ட மறுநாளெல்லாம் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். ஷூ லேஸ் கட்டக் குனியவே யோசிப்பேன்.

பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: நெஞ்சை நிமிர்த்து. நிமிர்த்தினேன். முதுகு பின்னால் வளைந்ததுதான் மிச்சம். வலி கூடியது.

அப்புறம்தான் பெஞ்ச் மேல் போனைச் சாய்த்து வைத்து, பக்கவாட்டில் வீடியோ எடுத்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், தொடை தரைக்கு இணையாக வருவதற்குச் சற்று முன்பே வலது குதிகால் லேசாகத் தூக்கிக்கொள்கிறது. பாதத்தின் நடுப்பகுதிக்கு நேராக இறங்க வேண்டிய பார், விரல் பக்கம் நகர்ந்துவிடுகிறது. எழும்போது இடுப்பு மட்டும் முதலில் மேலே போகிறது. பார் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மிச்ச வேலை முழுக்க முதுகுக்கு. வலிக்காமல் என்ன செய்யும்?

கணுக்காலைச் சோதித்தேன். கால் கட்டைவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். இடது முட்டி தொட்டது. வலது தொடவே இல்லை. முட்டி முன்னால் போக முடியாவிட்டால், கீழே போகப் போக உடம்பு முன்னால் சாய்ந்துதானே ஆகும்! அந்தச் சோதனையையே தினமும் இரண்டு வேளைப் பயிற்சியாக்கினேன். கணுக்கால் இளகும் வரை குதிகாலுக்கு அடியில் சின்ன எடைத் தட்டு வைத்து, லேசான எடையில் போட்டேன். பளுதூக்கும் வீரர்களின் ஷூவில் குதிகால் ஏன் உயரமாக இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது மூச்சு. தம் கட்டுவது என்றால் நெஞ்சு புடைக்க இழுப்பது என்றே நினைத்திருந்தேன். எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இடுப்பெலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் கைக் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். விரல்கள் வெளியே தள்ளப்பட வேண்டும். முதல் வாரம் அசையவே இல்லை. அது பழகிய பிறகு, இறங்கும் முன் இழுத்து, எழும்போது கஷ்டமான இடத்தைத் தாண்டித்தான் விடுகிறேன். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இப்படித் தம் கட்டும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதத்தைத் தோள் அகலத்தில் வைப்பது, விரல் நோக்கும் திசையிலேயே முட்டியும் போவது எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன. கீழே 2 விநாடி நின்று எழுவதுதான் ஆளைக் கொன்றது. ஆனால் இடுப்பு முந்திக்கொள்ளும் பழக்கம் அதில்தான் போனது.

மூன்று மாதம் ஆகிறது. முதுகு பிடிப்பதில்லை. ஆனால் கடைசி செட்டின் கடைசி ரெப்பில், அதாவது கடைசிச் சுற்றில் கடைசி முறை உட்கார்ந்து எழும்போது, வலது குதிகால் இன்னும் அசைகிறது. அதனால் இந்த வாரமும் 65 கிலோதான்.