வெளியிட்ட பிறகு தொடங்கும் வேலை

நிரலாக்கக் கட்டுரை ஒன்றை வெளியிடும்போது, அதில் உள்ள ஒவ்வொரு கட்டளையும் வாசகரின் கணினியில் ஓடும் என்று நாம் வாக்குக் கொடுக்கிறோம். கதைக்கோ பயணக் குறிப்புக்கோ இப்படியொரு கடப்பாடு இல்லை. நிரல்மொழி, அதன் நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்), இயங்குதளம் ஆகிய மூன்றும் தத்தம் போக்கில் மாறிக்கொண்டே இருப்பதால், நாம் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் விட்ட கட்டுரை தானாகவே தவறாகிவிடுகிறது. ஆகவே புதிய கட்டுரைகளுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது பழைய கட்டுரைகளைப் புதுப்பிக்க ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதும் நண்பர்கள் பலர் இதை ஏற்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பைத்தான் நிரல்மொழியைக் கற்பிக்கும் பழைய கட்டுரைகளில் பல, "சூடோ பிப் இன்ஸ்டால்" என்ற கட்டளையோடுதான் தொடங்கும்; பிப் என்ற கருவி வழியாக, நிர்வாகி உரிமையோடு ஒரு நூலகத்தை நிறுவும் கட்டளை அது. நெடுங்காலம் அது குறையில்லாமல் வேலை செய்தது. இயங்குதளம் தன் தேவைக்காக வைத்திருக்கும் பைத்தானுக்குள் பிப் எதையும் நிறுவக் கூடாது என்ற ஏற்பாட்டை 2023 ஜனவரியில் வந்த பிப் 23.0 ஏற்றுக்கொண்டது, அதே ஆண்டில் லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு 23.04, டெபியன் 12, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கான இயங்குதளம் ஆகியவை அடுத்தடுத்து அதை நடைமுறைப்படுத்தின. நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளை மட்டும் பயன்படுத்துவோர் 2024 ஏப்ரலில் உபுண்டு 24.04 வந்தபோது அதை எதிர்கொண்டார்கள். இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காக ராஸ்பெர்ரி பை வாங்கிய மாணவர் ஒருவர், பழைய கட்டுரையின் முதல் வரியை அப்படியே வெட்டி ஒட்டினால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பிழைச்செய்திதான் அவருக்குக் கிடைக்கும்.

அந்தப் பிழைச்செய்தி நன்றாக எழுதப்பட்டது. மெய்நிகர் சூழல் ஒன்றை (இயங்குதளத்தின் பைத்தானிலிருந்து பிரித்துவைத்த தனி இடம்) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள் என்று வழியையும் அதுவே சொல்கிறது. ஆனால் அதன் கடைசியில், ஆபத்தை அறிந்தே தடையை மீற விரும்புவோருக்கான ஒரு தேர்வும் குறிப்பிடப்பட்டிருக்கும். "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற அதன் பெயரே எச்சரிக்கைதான். இருந்தும் கட்டுரைகளின் அடியில் யாரோ ஒருவர் அந்தத் தேர்வைத் தீர்வாக எழுதிவிட்டுப் போகிறார். அடுத்து வருபவர் அதையே ஒட்டுகிறார். அப்போதைக்கு நிரலும் ஓடிவிடுகிறது. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் சில பைத்தானில் எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் நூலகத்தை நாம் வேறொரு பதிப்பால் மறைத்துவிட்டால், சில வாரங்கள் கழித்துத் தொடர்பே இல்லாத ஓரிடத்தில் இயங்குதளம் பழுதாகும். எதனால் பழுதானது என்று அந்த மாணவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

அந்தப் பழைய கட்டுரையைப் புதுப்பிக்க வரும் எழுத்தாளர், முதல் வரியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது போதாது. கட்டுரையின் முடிவில், நிரலைத் தினமும் காலையில் தானாக ஓடச் செய்ய, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் என்ற கருவியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருப்போம். அந்த வரி இயங்குதளத்தின் பைத்தானைத்தான் அழைக்கும். நூலகமோ இப்போது மெய்நிகர் சூழலுக்குள் இருக்கிறது. முனையத்தில் சூழலை இயக்கிவிட்டுக் கையால் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள் காலை கிரான் ஓடும்போது, அப்படியொரு நூலகமே இல்லை என்று நிரல் நின்றுவிடும். சூழலுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை அந்தக் கடைசி வரியில் எழுதினால்தான் கட்டுரை உண்மையில் புதுப்பிக்கப்பட்டதாகும். அதனால்தான் எந்தக் கட்டுரையைத் திருத்தினாலும், புதிதாக நிறுவிய வெற்றுக் கணினி ஒன்றில், முதல் கட்டளையிலிருந்து கடைசிக் கட்டளை வரை வரிசையாக ஓட்டிப் பார்க்கிறேன். நம் அன்றாடக் கணினி இதற்குப் பயன்படாது; நாம் எப்போதோ நிறுவி மறந்துபோன நூலகங்கள் அதில் இருக்கும், அவை கட்டுரையின் குறையை மூடி மறைத்துவிடும்.

நேரத்தைக் கையாளும் கட்டுரைகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. பைத்தானில் இப்போதைய சர்வதேச நேரத்தை (யூடிசி) பெற "யூடிசி நவ்" என்ற செயற்கூறைத்தான் (ஃபங்ஷன்) பலரும் கற்றுக்கொடுத்தோம். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 அதைக் கைவிடப்படுவதாக அறிவித்தது. காரணம் வலுவானது: அது தரும் மதிப்பில் நேர மண்டலம் பற்றிய தகவலே இருக்காது, அந்த மதிப்பை 1970 தொடக்கத்திலிருந்து கடந்த வினாடிகளின் எண்ணிக்கையாக மாற்றச் சொன்னால், பைத்தான் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள மடிக்கணினியில் விடை ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். சிங்கப்பூரில் எட்டு மணி நேரம். அதே நிரலைச் சர்வதேச நேரத்தில் இயங்கும் வழங்கியில் (சர்வர்) ஏற்றினால் விடை மிகச் சரியாக வரும். எழுதுபவருக்கு ஒரு விடையும் வாசகருக்கு வேறொரு விடையும் கிடைப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

நேர மண்டலத்தைக் குறிப்பிட்டு "நவ்" என்று அழைப்பதே சரியான மாற்று. அது பைத்தான் 3.2 முதலே உண்டு. ஆனால் கட்டுரை முழுவதிலும் தேடி மாற்றிவிட்டு நகர்ந்தால் அடுத்த சிக்கல் வரும். மண்டலத் தகவல் உள்ள நேரத்தையும் இல்லாத நேரத்தையும் எது முந்தியது என்று ஒப்பிட பைத்தான் மறுத்துவிடும். முன்பு தரவுதளத்தில் மண்டலம் இல்லாமல் சேமித்த நேரத்தோடு ஒப்பிடும் பகுதி கட்டுரையின் பிற்பாதியில் இருந்தால், நேற்று வரை எச்சரிக்கையோடாவது ஓடிய நிரல் இன்று பிழையோடு நிற்கும். இங்கே கட்டுரையாளர் விளக்க வேண்டியது, ஏற்கெனவே சேமித்துவைத்த தரவை என்ன செய்வது என்பதைத்தான். ஒற்றை வரித் திருத்தமாகத் தொடங்கியது புதிய பத்தி ஒன்றைக் கேட்கிறது. அந்தப் பத்தியை எழுதாமல் தேதியை மட்டும் மாற்றி, புதுப்பிக்கப்பட்டது என்று போடுவதை நான் தவறாகவே கருதுகிறேன். வாசகர் நம்புவது அந்தத் தேதியைத்தான்.

தேதியைவிடப் பதிப்பு எண் முக்கியமானது. எந்த இயங்குதளத்தில், எந்தப் பைத்தானில், எந்த நூலகப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தோம் என்பதைக் கட்டுரையின் தலைப்பகுதியிலேயே எழுத வேண்டும். அலுவலகத்தில் பைத்தான் 3.8 ஐ மாற்ற அனுமதி இல்லாதவர் ஏராளம். அவருக்குப் பழைய வழியும் தேவை. அதனால் திருத்தும்போது பழைய பகுதியை அழிக்காமல், எந்தப் பதிப்பு வரை அது பொருந்தும் என்று குறித்து, கட்டுரையின் பின்பகுதிக்கு நகர்த்திவிடுகிறேன்.

இதற்கு விலக்கும் உண்டு. பாதுகாப்புக் குறையுள்ள நிரலை எந்தக் குறிப்போடும் விட்டுவைக்கக் கூடாது. இணையதளத்தின் பயனர் படிவத்தில் உள்ளிட்டதை, தரவுதளத்துக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் வினவலோடு அப்படியே ஒட்டும் பிஎச்பி நிரல்மொழிப் பாடங்கள் ஒரு காலத்தில் எங்கும் இருந்தன. அவை பயன்படுத்திய பழைய மைஎஸ்க்யூஎல் தரவுதளச் செயற்கூறுகள் 2013 இல் வந்த பிஎச்பி 5.5 இல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில் வந்த 7.0 இல் முற்றிலும் நீக்கப்பட்டன. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, தேடலில் முன்னிலையில் வரும் பாடங்களில் உள்ள குறையுள்ள நிரல்துண்டுகளை எடுத்துக்கொண்டு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள 64,415 பிஎச்பி நிரல்தொகுப்புகளைச் சோதித்தது. பாடத்தில் இருந்ததை நெருக்கமாக ஒத்த 117 பாதுகாப்புக் குறைகள் கிடைத்தன. யாரோ ஒருவர் கற்பிப்பதற்காக எழுதிய சில வரிகள், உண்மையான செயலிகளில் ஓட்டைகளாக மாறியிருக்கின்றன. அந்த ஆய்வைப் படித்த பிறகு, எடுத்துக்காட்டுதானே, எளிமையாக இருக்கட்டும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வாசகர்களின் விருப்பக்குறிகள் இதைத் திருத்திவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது. கேள்வி பதில் தளங்களில் பழைய விடைக்குப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாக்குகள் இருக்கும். சரியான புதிய விடைக்கு விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். கேட்டவர் ஏற்றுக்கொண்ட விடையை எப்போதும் முதலில் நிறுத்தும் வழக்கத்தை, நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2021 இல் கைவிட்டதற்கு, காலாவதியான விடைகள் மேலேயே நின்றதும் ஒரு காரணம்.

ஒரே கட்டுரையை இரண்டு மூன்று தளங்களில் வெளியிடுபவர்களுக்கு இன்னொரு சுமை உண்டு: ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். மூலம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிக்கல் குறிப்பை நகல்கள் எல்லாவற்றிலும் இடுவது நல்லது. 2009 முதல் தேடுபொறிகள் அதை மதித்து வருகின்றன.

நிரல்துண்டுகளை இயந்திரமே சோதிப்பதற்கும் வழி உண்டு. பைத்தானின் டாக்டெஸ்ட், உரைக்குள் எழுதிய எடுத்துக்காட்டை ஓட்டி, நாம் எழுதிய விடையோடு ஒப்பிடும். ரஸ்ட் மொழியில் ஆவணக் குறிப்புகளில் உள்ள நிரல்கள் வழக்கமான சோதனையோடு சேர்ந்தே ஓடிவிடும். கட்டுரையின் நிரலைத் தனிக் கோப்பாக, கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்து மாதம் ஒருமுறை தானாக ஓடச் செய்தால், எது உடைந்தது என்று வாசகர் சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுவோருக்கு இவை கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு பாடம் பழசானால் அதே பொருளில் வேறு பத்துப் பாடங்கள் வந்துவிடும். தமிழில் பல பொருள்களுக்கு ஒன்றோ இரண்டோ கட்டுரைகள்தான் இருக்கின்றன. தாய்மொழியில் படித்தால் புரியும் என்ற நம்பிக்கையோடு வரும் ஒருவருக்கு முதல் கட்டளையே பிழை காட்டினால், தவறு தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொள்வார். கட்டுரை பழையது என்று அவருக்குத் தோன்றாது.

நேரமில்லாமல் புதுப்பிக்க முடியாத கட்டுரைகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை நான் நீக்குவதில்லை. பல இடங்களிலிருந்து இணைப்புகள் அந்த முகவரிக்கு வருகின்றன. இது இன்ன பதிப்புக்காக எழுதப்பட்டது, அந்தப் பதிப்புக்கு இப்போது ஆதரவு இல்லை, புதிய வழிக்கு இந்தக் கட்டுரையைப் பாருங்கள் என்று முதல் பத்திக்கு மேலேயே எழுதிவிடுகிறேன். உபுண்டு பற்றிய பழைய பாடங்களில் மேகக் கணிமை நிறுவனமான டிஜிட்டல்ஓஷன் இதையே செய்கிறது. பார்க்கச் சொல்லும் கட்டுரை வேறொருவர் எழுதியதாக இருந்தாலும், அதையும் வெற்றுக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே இணைப்புக் கொடுக்கிறேன்.