பாப்பர் மனு போட்ட கதை

தையல் கூலியிலும் சீட்டிலும் சேர்த்த ஆறு லட்சத்தை, தெரிந்தவர்தானே என்று நம்பிக் கடனாகக் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது ஒரு புரோநோட்டு. மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் அது வெறும் காகிதம். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய். 2017இல் குறைப்பதற்கு முன் ஏழரை ரூபாயாம். குறைத்தும் எனக்கு 18,000 வந்தது. இருந்ததையெல்லாம் பறிகொடுத்தவள் அதற்கு எங்கே போவாள்?

நீதிமன்ற வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞர் சின்னப் பெண். "பாப்பர் மனு போடலாம் அக்கா. வசதியில்லாதவர் கட்டணத்தை இப்போது கட்டாமலே வழக்குப் போட அனுமதி கேட்கும் மனு அது. மனு கொடுக்கும் தேதியே வழக்குத் தேதியாகக் கணக்காகும், கெடுவைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்றார்.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 33. கட்டணம் கட்ட வசதியில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. வீட்டில் உள்ள சொத்து அத்தனைக்கும் மதிப்புப் போட்டுப் பட்டியல் தர வேண்டும். டிவி, கிரைண்டர், பீரோ, அடகுக் கடை ரசீது என்று எழுதிக்கொண்டே போனோம். தாலி, சமையல் பாத்திரம், தையல் மெஷின் ஆகியவை ஜப்தி செய்யக் கூடாதவை, அதனால் வசதிக் கணக்கில் வராது. எதையும் மறைக்கக் கூடாது என்று வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சொன்னார். மனுவுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் சொத்தை மோசடியாகக் கைமாற்றியிருந்தால் அதற்காகவே தள்ளிவிடுவார்களாம். மனுவை நானே நேரில் கொடுத்தேன்.

பிறகு எதிர்த்தரப்புக்கும் அரசு வழக்கறிஞருக்கும் நோட்டீஸ் போனது. வாய்தாவுக்குப் போகும் நாளெல்லாம் கூலி போச்சு. கூண்டில் ஏறியதும் கடன் வாங்கியவரின் வக்கீல் கேட்டார்: "காதில் இருப்பது தங்கமா? செல்போன் என்ன விலை?" கவரிங் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆறு லட்சத்தை வைத்திருப்பவர் எதிரே உட்கார்ந்திருக்க, விசாரணை என் காதைப் பற்றி நடந்தது! அரசு வழக்கறிஞரும் ஆட்சேபித்தார். வசதியில்லாத குடும்பம் என்று பார்த்து மகளிர் உரிமைத் தொகை போடுவதும் இதே அரசுதான்.

கடைசியில் மனுவை அனுமதித்து வழக்கு எண் கொடுத்தார்கள். கட்டணம் தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள், தள்ளிவைப்புதான். ஜெயித்தால் வரும் பணத்தில் அரசின் 18,000தான் முதல் பாத்தியம். தோற்றால் என்னையே கட்டச் சொல்வார்கள். வழக்கு இப்போது சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. புரோநோட்டு வைத்திருப்பவர்கள் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். பணம் புரளட்டும் என்று காத்திருந்தால் கெடு காத்திருக்காது.