கிரெட்னாவுக்கு வந்த அரசர்

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையையொட்டி கிரெட்னாவில் எழுப்பப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையை, 1917ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் நேரில் வந்து பார்வையிட்டனர். அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதே என் கண்ணில் முதலில் படுகிறது. தீப்பொறி பறந்துவிடக் கூடாதென்று கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்று, நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கையாலேயே மாவு பிசைவதுபோலப் பிசைந்து கார்டைட் என்ற, குண்டுகளைச் செலுத்தும் வெடிமருந்தைத் தயாரிக்க வழிசெய்தவர்கள், அரசரைக் கண்ட கதையைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? (அரச வருகை என்றால் புதுப் பெயின்ட் வாடை முன்னே வரும் என்பது தனிக் கதை.) ஆனாலும் அரசர் வந்துபோனது ஒரே ஒரு நாள், தலைசுற்றலையும் தலைவலியையும் தந்த நைட்ரோகிளிசரின் ஆவியை அவர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் சுவாசித்தார்கள்.