கவுன்ட்டருக்கு வெளியே

அஞ்சலகக் கவுன்ட்டரில் 36 ஆண்டுகள் உட்கார்ந்தால் ஒரு நோய் பிடித்துக்கொள்ளும். எதிரே நிற்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கை மேசையறைக்குள் போய்விடும், எந்தப் படிவம் என்று தேடி. மணியார்டரா, சேமிப்புக் கணக்கா, வந்து சேராத பதிவுத் தபாலுக்குப் புகாரா, எல்லாவற்றுக்கும் ஒரு தாள் இருந்தது. 2019இல் நான் ஓய்வு பெற்றேன். நோய் மட்டும் பணி நீட்டிப்பில் இருக்கிறது.

அயனாவரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பழைய படிப்பகம் உண்டு. வடசென்னையில் தெருவுக்குத் தெரு படிப்பகம் இருந்த காலத்தின் மிச்சம். நாளிதழ் விரிக்க நீள மேசை, நான்கு பெஞ்சு, ஒரு கேரம் பலகை. இளைஞர்கள் கைப்பேசிக்குள் குடிபோன பிறகு மேசையைச் சுற்றி மிஞ்சியவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள்தான். யாரோ ஒருநாள் 'முதியோர் பகல்நேர மையம்' என்று எழுதி வாசலில் மாட்டினார்கள். அதற்கு மேல் திறப்பு விழா எதுவும் நடக்கவில்லை. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் திறந்திருக்கும். நடத்துபவர்கள் தன்னார்வலர்கள் ஒன்பது பேர். நான் சேர்ந்தபோது எனக்கு வயது 62, அந்த ஒன்பதில் நான்தான் சின்னப்பெண். மூத்தவருக்கு 78. இதில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது வெளியிலிருந்து வருபவர்களுக்குப் புரியாது. சில நாள்களில் எங்களுக்கே புரியாது.

சம்பளம் இல்லாத இடத்துக்கு வருபவர்கள் பழைய வேலையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, தலையில் சுமந்துகொண்டே வருகிறார்கள். ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் பொறுப்பில், இருந்த ஒருவர் முதல் வாரமே வருகைப் பதிவேடு போட்டார். பத்து ஐந்துக்கு வந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. "சங்கு ஊதி உள்ளே போவதற்கு இது என்ன ஷெல் பிரிவா?" என்று ஒரு பெரியவர் சண்டைக்குப் போனார். சார்ஜ்மேன் அசையவில்லை. வராதவர் யார் என்று எழுதி வைத்தால்தானே மறுநாள் வீட்டுக்குப் போய் விசாரிக்க முடியும் என்றார். அவர் சொன்னது சரி என்பதை ஒரு மழைக்காலத்தில் கண்டுகொண்டோம். இரண்டு நாள் கோடு விழுந்த ஒருவரைத் தேடிப் போனபோது, தனி வீட்டில் காய்ச்சலோடு தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தார். அன்றோடு சிவப்பு மையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. (இதே சார்ஜ்மேனுக்கு வந்தே பாரத் ரயிலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், அன்றைய காலை முடிந்தது. முதல் வண்டி அவருடைய ஆலையிலிருந்து வெளிவந்தது 2018இல். அவர் ஓய்வு பெற்றது அதற்கு வெகுகாலம் முன்பு. அதனால் என்ன?)

தலைமையாசிரியராக இருந்தவர் கண்புரை உள்ளவர்களுக்காக நாளிதழைச் சத்தமாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்பார். அதுதான் தொல்லை. நர்ஸாக இருந்த அம்மா செவ்வாய்க்கிழமைகளில் ரத்த அழுத்தம் பார்ப்பார். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் என்பது அவர் கட்டளை. கேரம் பலகையில் சண்டை போட்டுவிட்டு நேராக வந்து கையை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார். தன்னார்வலர்களுக்கு அவர் போட்ட விதி ஒன்று: எண்ணை எழுது, மருந்தைப் பற்றி வாயைத் திறக்காதே. எங்களில் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு பாட்டியிடம் "இவ்வளவு குறைந்துவிட்டதே, இனி அரை மாத்திரை போதும்" என்று சொல்லித் தொலைத்த பிறகு வந்த விதி அது.

ஓய்வு பெறாத ஒரே தன்னார்வலர் பூக்கார அக்கா. வயது 71. பள்ளிக்கூடம் போனதில்லை, எந்தச் சங்கத்திலும் இருந்ததில்லை. காலையில் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து பெருக்குவார், தேநீர் போடுவார், பூக்கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பொறுப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயரை எழுத முதல் வருடம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எங்கள் மையத்துக்குப் பெண்கள் வந்தால் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் சமையல் இருக்கும், பேரக்குழந்தை வந்துவிடும் என்று ஆண்கள் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து நிம்மதியாக இருந்தார்கள். பூக்கார அக்காதான் ஒருநாள் சொன்னார்: "கழிப்பறையில் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை அம்மா. அதற்குப் பயந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள்." அந்த மாதம்தான் ஒரு நன்கொடையாளர் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் போய், தொலைக்காட்சி வேண்டாம், உட்காரும் கழிப்பறையும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வேண்டும் என்றோம். முகம் சுருங்கிவிட்டது. கழிப்பறையில் தன் தந்தையின் பெயரை எப்படிப் பொறிப்பது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். கடைசியில் வேறொருவர் பெயரே வேண்டாம் என்று செய்து கொடுத்தார். இப்போது மாலையில் பெண்களை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில், அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்ற செய்தியைத் தலைமையாசிரியர் வாசித்தார். வழக்கம்போல் கேள்வி கேட்பதற்குள் ஒரு பாட்டி எழுந்து, "பலகையை இந்தப் பக்கம் போடுங்கள்" என்றார். அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் காலத்திலிருந்து கேரம் தங்கள் சொத்து என்று நினைத்திருந்த ஆண்கள் வியாழக்கிழமையைப் பறிகொடுத்தார்கள்.

நன்கொடை என்றதும் பிறந்தநாள் சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. வருடத்தில் பத்துக் குடும்பமாவது பொட்டலங்களோடு வரும். உணவோடு ஜாங்கிரி இருக்கும், பெறுபவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும். வரிசையில் நிற்க வைத்து, பொட்டலத்தை வாங்கும் கையையும் கொடுக்கும் குழந்தையையும் படம் எடுப்பார்கள். ஒருமுறை சார்ஜ்மேன் வரிசையிலிருந்து விலகி நடந்தார். "கேன்டீனில் காசு கொடுத்துச் சாப்பிட்டவன் நான்" என்றார், அவ்வளவுதான். நாங்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தோம். சாப்பாடு கொண்டு வருபவர்கள் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும், படம் கிடையாது. பாதிப் பேர் அதோடு நின்றார்கள். மீதிப் பேரில் சிலர் பிறந்தநாள் இல்லாத நாளிலும் வந்து உட்கார்கிறார்கள்.

நான் ஒருங்கிணைப்பாளர் ஆனது 2023இல். தகுதி, என் கையெழுத்து. மாதச் சந்தா ஐம்பது ரூபாய், யார் கொடுக்கவில்லை என்பது கணக்கு எழுதும் எனக்கு மட்டும் தெரியும், அது வெளியே போகக் கூடாது. அந்தப் பொறுப்பில் நான் தவறவில்லை. மாநகரப் பேருந்து டோக்கனுக்கு விண்ணப்பம், முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் தாலுகா அலுவலகத்துக்கு மனு, வங்கி வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க ஒரு படிவம், எல்லாம் என் ராஜ்ஜியம். நவம்பர் வந்தால் இன்னும் கோலாகலம். மத்திய அரசு ஓய்வூதியர்களும் குடும்ப ஓய்வூதியம் பெறுபவர்களும் தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. 2014இல் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணுச் சான்று வந்த பிறகு விரலை வைத்தால் போதும் என்றார்கள். இரும்பைத் தேய்த்த விரலிலும் பாத்திரம் தேய்த்த விரலிலும் ரேகை எங்கே இருக்கிறது? பிறகு முகத்தைக் காட்டும் வசதி வந்தது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்ட வேண்டிய நேரத்தில் எல்லாரும் கண்ணை அகல விரித்து விறைத்துக்கொண்டு உட்கார்வார்கள். நான் ஒவ்வொருவர் எதிரிலும் நின்று கண்ணைச் சிமிட்டிக் காட்டுவேன். அந்த மாதம் முழுவதும் எனக்கு அதே வேலை.

இந்தத் தோரணையில்தான் அந்த அம்மாவிடம் போய் மாட்டினேன்.

அவருக்கு 74 வயது. கணவர் ரயில்வேயில் இருந்து இறந்தவர். கதவு திறக்கும் முன்பே வாசல் படியில் இருப்பார், மாலையில் விளக்கை அணைக்கும் வரை இருப்பார். மதியம் பூட்டும்போது எங்கே போகிறார் என்று கேட்டால் "கோயிலுக்கு" என்பார். மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டும் அவனிடம்.

எனக்கு உள்ளே மணி அடித்தது. இதற்குப் படிவம் இருக்கிறது! 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்து என்றால், பார்த்துக்கொள்ளாதபோது பத்திரத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது. ஓர் இரவு உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாத மனு. மறுநாள் காலை பத்தரை மணிக்கு, கூடம் நிறைந்திருந்த நேரத்தில், அவர் முன்னால் வைத்துப் பேனாவையும் நீட்டினேன்.

அவர் படிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "அவன் என்ன, உங்கள் போஸ்ட் ஆபீஸில் தொலைந்த பார்சலா, புகார் எழுதுவதற்கு?" என்றார். எழுந்து போய்விட்டார்.

அது மே மாதம். பதிவேட்டில் சிவப்புக் கோடுகள் வரிசையாக விழுந்தன. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். முதல் முறை மகன் கதவைத் திறந்து, அம்மா தூங்குகிறார் என்றான். இரண்டாம் முறை யாரும் திறக்கவில்லை. முதியோர் உதவி எண் 14567க்குப் பேசலாமா என்று கூட்டத்தில் கேட்டேன். அடிக்கிறானா, பட்டினி போடுகிறானா என்று நர்ஸ் அம்மா கேட்டார். தெரியவில்லை. தெரியாமல் என்ன சொல்வது என்று இரண்டு மணி நேரம் பேசி, முடிவில்லாமல் கலைந்தோம். அன்று பூக்கார அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது.

அவர் இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்த வீட்டு வாசலில் ஒரு முழம் பூ வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார் என்பது ஆகஸ்டில்தான் எனக்குத் தெரிந்தது. பூ வாங்குகிற வீட்டுக் கதவு பூக்காரிக்குத் திறக்கும். ஓய்வூதியத்தைப் பற்றியோ மகனைப் பற்றியோ அவர் கேட்கவே இல்லை. அந்த அம்மா சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் நீங்கள் எழுதி வைப்பீர்களே அம்மா" என்றார்.

செப்டம்பர் முதல் வாரம் விநாயகர் சதுர்த்தி. நாற்பது பேருக்குக் கொழுக்கட்டை செய்ய வேண்டும். பூரணம் கிளறத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று பூக்கார அக்கா அந்த வீட்டில் போய் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். எங்கள் கூடத்தில் பூரணம் கிளறத் தெரிந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அந்த அம்மா வந்தார். யாரோடும் அதிகம் பேசாமல் வெல்லத்தைப் பாகு காய்ச்சி, ஏலக்காய் போதவில்லை என்று கடிந்துகொண்டு, கொழுக்கட்டைகளை எண்ணி வைத்தார். சார்ஜ்மேன் பதிவேட்டில் டிக் போட்டார். அடுத்த நாள் காலை அந்த அம்மா படியில் இருந்தார். தேநீர்க் கணக்கு அன்றிலிருந்து அவரிடம்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் "பால் பாக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினார். மூன்றாம் முறை நான் முயலவில்லை.

நவம்பரில் உயிர்வாழ்ச் சான்றுக்கு வரிசை போட்டபோது அவரும் வந்து உட்கார்ந்தார். நான் சிமிட்டிக் காட்டுவதற்கு முன்பே கண்ணைச் சிமிட்டி முடித்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. கூடம் கொஞ்சம் காலியாகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "வங்கிக் கார்டு தொலைந்துபோனால் புதிது தருவார்களா?" என்று கேட்டார்.

கார்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தருவார்கள் என்றேன். பழையது உடனே செயலிழந்துவிடும், புதிய ரகசிய எண் அவருக்கு மட்டும் தெரியும் என்றேன். "மையத்து முகவரிக்கு வருமா?" என்றார். அது முடியாது, நேரில் போய் வாங்கிக்கொள்ளலாமா என்று கிளையில் கேட்டுப் பார்க்கலாம், நான் கூட வருகிறேன் என்றேன். "நீங்கள் வேண்டாம், பூக்காரி வரட்டும்" என்றார்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், கணக்கு எண், பிறந்த தேதி. காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. 36 ஆண்டுகளில் ஒரு படிவத்திலும் உண்மையில்லாத ஒன்றை நான் எழுதியதில்லை. 'தொலைந்துவிட்டது' என்று எழுதினேன். அவர் தாளை வாங்கிக் கண்ணருகே வைத்து நிதானமாகப் படித்தார். மே மாதம் படிக்காததையும் சேர்த்துப் படிப்பதுபோல் இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டு, "எழுத்து நன்றாக இருக்கிறது" என்றார்.