வளவு வீட்டின் பங்குக் கணக்கு

வெள்ளைப் பணியாரத்தை எண்ணெயில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஊற்ற முடியும். ஓர் ஆழாக்குப் பச்சரிசியை அளந்து, அதன் தலைமேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்தை வைத்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, மைய ஆட்டிக் கரைத்து, கரண்டி மாவை வாணலியின் நடுவில் விட்டால், அது தானாக விரிந்து மேலெழும்பி வரும். அவசரப்பட்டு இன்னொன்றையும் கூடவே ஊற்றினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, இரண்டுமே கெடும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இது ஒரு சமையல் குறிப்பு. ஏழு பிள்ளைகள் இருக்கும் எங்கள் வீட்டில் இது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

எனக்கு ஐந்து பிள்ளைகள், என் ஓரகத்திக்கு இரண்டு. கொழுந்தனார் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் அவளும் பிள்ளைகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள். இடைப்பலகாரத்துக்குப் பணியாரம் என்று தெரிந்தால் ஏழு பேரும் தட்டோடு, அடுப்பு இருக்கும் இரண்டாங்கட்டில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். ஏழாவது தட்டில் ஒன்று விழுவதற்குள் முதல் தட்டுக்காரன் தன்னுடையதைத் தின்றுவிட்டு, மிளகாய்த் துவையலையும் வழித்து நக்கிவிட்டு, மறுபடியும் பசியோடு காத்திருப்பான். ஆகையால் அந்த வரிசைக்கு முடிவு என்பதே கிடையாது. மாவு தீர்ந்தால் கலையும், அவ்வளவுதான். ஒருமுறை மூத்ததிலிருந்து தொடங்கினால் மறுமுறை இளையதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், எதையும் பிரித்துக் கொடுப்பவர் தம் பங்கைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பதும் என் மாமியார் வகுத்த விதிகள். இரண்டாவது விதியினால் பிய்ந்துபோன பணியாரங்களை மட்டுமே தின்னும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

இந்த விதி பிள்ளைகள் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது பிள்ளையார்பட்டியில் தெரிந்தது. விநாயகர் சதுர்த்தியன்று அங்கே கற்பக விநாயகருக்கு 18 படி அரிசியில் முக்குறுணி மோதகம் செய்து படைப்பார்கள். பெரியவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது, என் நான்காவது பிள்ளை என் முந்தானையை இழுத்து, "அம்மா, இதைப் பிரிக்கிறவுகளும் கடைசியிலதான் எடுப்பாகளா?" என்று கேட்டான். முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் கும்பிட்ட கையோடு திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

எங்கள் வீடு முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பழைய வீடு. எங்கள் செட்டிநாட்டு வீடுகள் பலவற்றைப் போலவே பர்மாத் தேக்கும் பர்மாப் பணமும் கொண்டு கட்டியது. இன்று எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் பங்காளிகள் வந்து திறக்கிறார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளை மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, கலியாணமான கொஞ்ச காலத்திலேயே "வேறு வைத்து", ஒரே கூரையின் கீழ் தனித்தனி அடுப்பு மூட்டவைப்பது பழைய வழக்கம். என் மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்தபோது இரண்டாங்கட்டில் நான்கு அடுப்புகள் எரிந்தனவாம். பெரியவர்களுக்குக் கணக்கு வேறு. பிள்ளைகளோ எந்த அடுப்பில் அன்று குழம்பு நன்றாக இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்களாம். இப்போது எல்லோருக்கும் ஒரே அடுப்பு. ஆகவே குழம்பு நன்றாக இல்லையென்றால் தப்பிப் போக வழியில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

ஆளுக்கோர் அறை கொடுக்கக்கூடிய வீடாக இருந்தும், இரவானால் ஏழு பேரும் வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில் அப்பத்தாவோடுதான் படுப்பார்கள். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் ஒவ்வொன்றாகச் செய்யும் அந்தக் கற்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காமிராவோடு வருகிறார்கள். என் பிள்ளைகளுக்கு அது நில அளவைக் கருவி. கல்லுக்கு ஒரு பூ. ஆளுக்கு மூன்று பூ அகலம். நடுச்சாமத்தில் "அம்மா, அண்ணன் காலு என் பூவுல கெடக்கு" என்று குரல் வந்தால், பாதித் தூக்கத்தில் எழுந்து போய் எல்லைத் தகராற்றைத் தீர்த்துவிட்டு வர வேண்டும்.

அதைவிடப் பெரிய தகராறு அப்பத்தாவின் பக்கத்தில் யார் என்பது. அப்பத்தாவுக்கு இரண்டு பக்கங்கள்தான், பேரப்பிள்ளைகளோ ஏழு. முறை வைத்துப் பார்த்தோம். காய்ச்சல்காரர், பரீட்சைக்காரர், கெட்ட கனவு கண்டவர் என்று சலுகை கேட்பவர்கள் பெருகியதில் அது கலைந்துபோனது. பிறகு தகராறு எப்படியோ தானாக ஓய்ந்தது. காரணம் எனக்கு வெகுநாள் தெரியவில்லை. ஒருநாள் பின்னிரவில் மழைக்குத் துணி எடுக்க எழுந்தபோது, மாமியார் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலப்பக்க ஓரத்திலிருந்து எழுந்து, தூங்கும் பிள்ளைகளை மெதுவாக நகர்த்தி, இடப்பக்க ஓரத்துப் பிள்ளைகள் இருவருக்கு நடுவே படுப்பதைப் பார்த்தேன். விடிகாலையில் கண் விழிக்கும்போது எவன் பக்கத்தில் அவர் இருக்கிறாரோ, அவன் இரவு முழுவதும் அப்பத்தா தன்னோடுதான் படுத்திருந்ததாக நம்புவான். என்னைக் கண்டதும், "தண்ணி குடிக்க எந்திரிச்சேன், தூக்கக் கலக்கத்துல எடம் மாறிப் படுத்துட்டேன்" என்றார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கும் எழுபது கடந்த மனுசி. தண்ணீர்ச் செம்பு அவருடைய தலைமாட்டில்தான் இருந்தது.

பெயர் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம் என்பதால், என் மூத்தவனுக்கும் கொழுந்தனாரின் மூத்தவனுக்கும் ஒரே பெயர். அது என் மாமனாரின் பெயர். மாமனார் பெயரை நாங்கள் மருமகள்கள் வாயால் சொல்ல மாட்டோம். மாமியாரோ கணவர் பெயரை அறுபதாம் கலியாணத்தில்கூடச் சொன்னதில்லை. எனவே வீட்டில் அதிகமாகத் திட்டு வாங்க வேண்டிய இரண்டு பயல்களையும் பெயர் சொல்லித் திட்ட ஆளே இல்லை. "பெரியவன்", "சின்னவன்" என்றுதான் ஓடுகிறது. இந்த வசதியை இரண்டு பேரும் நன்றாக அனுபவிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் அந்தத் தடை கிடையாது. பெற்றோர் கூட்டத்துக்கு என்னோடு மாமனாரும் வந்திருந்தார். வகுப்பாசிரியை மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் பையனின் முழுப்பெயரில் தொடங்கினார். இன்னார் மதியத்துக்கு மேல் வகுப்பில் தூங்குகிறான், இன்னார் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இன்னார் கேள்வி கேட்டால் காது கேளாதவன்போல் இருந்துவிடுகிறான். மதியத்துக்கு மேல் முகப்புத் திண்ணையில் தூங்குபவரும், காது சற்று மந்தமானவருமான என் மாமனார், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தலையைத் தாழ்த்திக்கொண்டே வந்து, கடைசியில் கைகூப்பி, "இனிமே சரியா இருக்கச் சொல்றேன் டீச்சர்" என்றார். வீடு திரும்பும் வழியில் பேரனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தேநீர்க் கடையில் நிறுத்தச் சொல்லி, இருவருமாக ஆளுக்கொரு வடை தின்றார்கள்.

பங்கு, முறை, சலுகை என்று வாய்ச்சண்டையாக இருந்த எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவந்தவள் என் மூன்றாவது பிள்ளையான மகள். பூட்டிக் கிடந்த ஓர் அறையைக் கூட்டியபோது, எங்கள் வீட்டு முன்னோர் எழுதிய பழைய பேரேடு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், அப்புறம் பற்று, வரவு. ஐயாவிடம் உட்கார்ந்து அதைப் படிக்கக் கற்றுக்கொண்டவள், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அதேபோலப் பிள்ளையார் சுழி போட்டுத் தன் கணக்கைத் தொடங்கினாள். காரைக்குடிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்தால் பற்று; விட்டுக்கொடுத்தால் வரவு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் முதலில் வெந்நீர் எடுத்தால் பற்று. தம்பிக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டால் வரவு. வாரக் கடைசியில் பாக்கியை வாசிப்பாள். எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் "சும்மா திட்டியது" என்ற தலைப்பில் பற்று ஏறிக்கொண்டே போகிறது, வரவு வைக்கத்தான் வழி தெரியவில்லை.

அவளுக்கு அம்மை போட்டது சென்ற கோடையில். வேப்பிலை கட்டியாகிவிட்டது, வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. டப்பாவில் மிச்சமிருந்த தேன்குழலை மாமியார் கடைசியாக ஒருமுறை பங்கிட்டார்; அவள் தின்னும் நிலையில் இல்லாததால் அவளுக்கு விழவில்லை. என் இரண்டாவது மகனைப் பற்றி ஒரு வார்த்தை: தன் பங்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு மச்சுக்குப் போய்த் தின்பவன் அவன். தின்பண்டம் என்று வந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் நீட்ட மாட்டான். அந்தப் பிள்ளை தன் தேன்குழலை ஒரு காகிதத்தில் சுருட்டி, அவள் கிடந்த அறைக் கதவின் அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எறும்பு மொய்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு அவள் நோட்டை எடுத்தாள். கடன் என்று எழுதினால் திருப்பித் தர வேண்டும், அவன் கேட்கவில்லை. பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, தொழிலில் வந்த லாபத்தில் தர்மத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் "மகமை" என்ற தலைப்பைக் கண்டுபிடித்து, அதன் கீழே "அண்ணன், தேன்குழல் 1" என்று வரவு வைத்தாள். வாரக் கடைசியில் அதை வாசித்தபோது அவனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "மகமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நமுத்துப்போச்சு, அதான் வச்சேன்" என்று கத்திவிட்டு மச்சுக்கு ஏறிவிட்டான்.

அப்போது என் ஓரகத்தி மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தது. பெரிய கார்த்திகையிலிருந்து நாளுக்கொன்றாகப் புது வேட்டியில் நூல் எடுத்து, 21 நூலையும் சேர்த்துத் திரித்து, சஷ்டியும் சதயமும் கூடும் 21ஆம் நாள், வெல்லம் சேர்த்துப் பிசைந்த இழைமாவில் திரியாக வைத்து நெய்யில் ஏற்றி, வீட்டுக்கு மூத்தவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். அப்பச்சிமார், ஆச்சிமார் எல்லோரும் பயபக்தியோடு கைநீட்டி நிற்க, பிறந்தநாள் கேக்கில் பழகிய என் கடைக்குட்டி தன் இழையைக் கண்டதும் "பூ" என்று ஊதி அணைத்துவிட்டான். மாமனார் பொறுமையாக மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் ஊதினான். யாரோ கைதட்ட, அவன் மூன்றாவதற்கும் கன்னத்தை உப்பவைத்தான்; அதற்குள் மாமியார் மூக்கைப் பிடித்து, வாய் திறந்த நொடியில் உள்ளே போட்டுவிட்டார்.

ஓரகத்தியின் முறை வந்தபோது மாமனார் அவளுக்கு இரண்டு இழை கொடுத்தார். ஏழு பிள்ளைகளுடைய தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. "சித்திக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?" என்று கணக்குப்பிள்ளைதான் கேட்டாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் இதில் பங்கு உண்டு, அதற்கும் சேர்த்துத்தான் என்று மாமியார் சொன்னார். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நோட்டைப் பார்த்தேன். எட்டாவதாக ஒரு பக்கம் திறந்து, பெயர் எழுதும் இடத்தில் "பாப்பா" என்று போட்டு, முதல் வரியில் "இழை 1, பற்று" என்று குறித்திருந்தாள். அதற்குக் கீழே, பிறந்து வந்ததும் சேர வேண்டிய சன்னல் முறைகளும் வரிசையாக ஏறத் தொடங்கியிருந்தன.

பாப்பா இப்போது தவழ்கிறாள். இன்னும் பஸ்ஸில் தனியாக உட்கார முடியாதவளுக்குச் சன்னல் பாக்கி மலைபோல் சேர்ந்துவிட்டது. அதை எப்படித் தீர்ப்பது என்று பிள்ளைகள் கூடிப் பேசி, பாப்பாவை யார் மடியில் வைத்திருக்கிறார்களோ அவர்கள் அவளுக்காகச் சன்னல் ஓரத்தில் உட்காரலாம் என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து காரைக்குடிக்குப் புறப்படும் நாளெல்லாம் ஏழு பேரும் தலை சீவி, முகம் கழுவி, பவுடர் போட்டு, எனக்கு முன்பாக முகப்பில் நின்று பாப்பாவுக்குக் கைநீட்டுகிறார்கள். அவளோ எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மச்சுக்காரனிடமே தாவுகிறாள். கணக்கு எழுதுகிறவள் அதில் ஏதோ கைக்கூலி இருப்பதாகச் சந்தேகப்படுகிறாள். அவனுடைய சட்டைப் பையில் நேற்றுத் துவைக்கும்போது சீப்புச் சீடைத் தூள் இருந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை.