சோழவந்தான் கொடிக்காலில் ஒரு நாள் கூலி

நேற்று இரவு வீடு திரும்பியும் எரிச்சல் அடங்காததால், சோழவந்தானுக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து ரயிலில் போங்கள். திண்டுக்கல் பாதையில் அந்த ஊருக்கு நிலையம் இருப்பது தெரிந்தும், ஆரப்பாளையத்தில் காலை ஆறு மணிக்குப் புறப்படத் தயாராக நின்ற பேருந்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஏறினேன். சமயநல்லூரைத் தாண்டியதும் அது பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவதாக நடத்துநர் சொன்னார். அடுத்து வந்த வண்டியோ படிக்கட்டு வரை நிரம்பியிருந்ததால் நிற்காமலே போய்விட்டது.

ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆட்டோ ஒன்றை நிறுத்தினேன். நான் அவசரத்தில் இருப்பதை என் முகத்தைப் பார்த்தே கணக்கிட்டுக்கொண்ட ஓட்டுநர் முந்நூற்று ஐம்பது ரூபாய் கேட்டார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. இந்தப் பயணத்துக்கு மொத்தமாகவே ஐந்நூறு ரூபாய்தான் ஒதுக்கியிருந்தேன். தூக்குவாளியோடு சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்களிடம் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஆளுக்கு எழுபது ரூபாய் என்றதும் அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

என் பெரியம்மாவுக்கு வைகைப் பாசனத்தில் அரை ஏக்கருக்கும் குறைவான வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லும் பெரியம்மா, அதனால் விலை ஏறவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார். நூறு இலை கொண்ட கவுளி, முகூர்த்த மாதங்களில் கையைவிட்டுப் பறக்கும்; ஆடியிலும் மார்கழியிலும் கேட்பாரற்றுக் கிடக்கும். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற இலையை, 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழியாகக் கிறிஸ்தவர்களான குடும்பம் தலைமுறைகளாகப் பயிரிட்டு வருவதில் எங்களில் யாருக்கும் முரண்பாடு தோன்றியதில்லை. எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்திலும் தட்டில் முதலில் வைப்பது வெற்றிலைதான்.

முதலில் அகத்தியை விதைத்து வளரவிட்டு, அதன் நிழலில் கொடியை நட்டு, ஏற ஏறத் தண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். உள்ளே நுழைந்தால் வெளி வெயில் தெரியாது. ஈரமும் பச்சை வாசனையும் ஆளைச் சூழ்ந்துகொள்ளும். இயேசு சொன்ன உவமைகளில் இத்தனை திராட்சத்தோட்டங்கள் ஏன் வருகின்றன என்பது எனக்குப் புத்தகத்தைவிடக் கொடிக்காலில்தான் விளங்கியது. கொடியை ஒரு நாளும் தனியே விட்டுவிட முடியாது. அதற்குத் தினமும் ஆள் வேண்டும்.

அன்று ஆள்தான் குறைவு. விடியற்காலையிலேயே வந்த உள்ளூர்ப் பெண்கள் இருவர் மட்டும் இலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு மற்ற நால்வர் வந்து சேர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புளியமரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவர்கள்.

நடுவில் மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் பாவம். பெரியம்மா கண்மாயில் பிடித்த அயிரை மீனைக் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி, மண்சட்டியில் புளி கரைத்துக் குழம்பு வைத்திருந்தார். மதுரை உணவகங்களில் அந்தச் சின்னக் கிண்ணத்துக்கு வாங்கும் காசை நினைத்துக்கொண்டே மூன்று முறை சோறு வாங்கினேன். பேருந்தை அரை மணி நேரம் மறந்திருந்தேன்.

மாலையில் கூலி கொடுக்கும்போது பெரியம்மா ஆறு பேருக்கும் தலைக்கு நானூறு எண்ணி வைத்தார். விடியலிலேயே வந்த ஒருத்திக்கு முகம் சுருங்கியது. "நாங்க இருட்டோட வந்தோம்ல அம்மா" என்றாள். "ஒனக்குப் பேசுனதுல கொறச்சேனா? வண்டி நின்னதுக்கு அவுக என்ன செய்வாக?" என்று பெரியம்மா கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

காலையில் வந்த வேலையாளுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சத்தோட்டக்காரரைப் பற்றி இயேசு சொன்ன, மத்தேயு 20-ஆம் அதிகாரத்து உவமையை ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தவள் நான். பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம் என்பதைப் பரலோகத்தின் கிருபை என்றே விளக்கியிருக்கிறேன். அந்தப் பணம் அன்று இரவு உலையில் போடும் அரிசி என்று ஒருமுறையும் சொன்னதில்லை. அந்தத் தோட்டக்காரரை நான் எப்போதும் பெரிய பணக்காரராகவே கற்பனை செய்திருந்தேன். ஆடி மாதத்தில் கடன் வாங்கிக் கூலி கொடுக்கிற பெரியம்மாவைப் போன்ற ஒருவராகவும் அவர் இருந்திருக்கலாமே. உவமையில் நான் யார் என்பதிலும் சந்தேகமில்லை, ஏனென்றால் முகம் சுருங்கிய அந்தப் பெண்ணின் பக்கமே என் மனமும் நின்றது.

இரவு ஜெபம் முடிந்து கிளம்பும்போது, ஆட்டோக் கதையை நான் நான்காவது முறையாகச் சொன்னதைக் கேட்ட பெரியம்மா சுருக்குப்பையை அவிழ்த்தார். "நீயும் அந்த வண்டியில வந்தவதான" என்று நானூறு ரூபாயை என் கையில் திணித்தார். ஒரு இலைகூடக் கிள்ளாத நான் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். ஆட்டோவுக்குக் கொடுத்தது போக ஐம்பது ரூபாய் மீதி.