சென்ட்ஓஎஸ் விட்டது, உபுண்டு மறுத்தது: ஸ்கேன் கணக்கு அமைத்த அனுபவம்

என் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள லினக்ஸ் சர்வர்கள் ஒருவழியாக ஸ்கேனுக்கு இணங்கிவிட்டன. வெளியிலிருந்து போர்ட்டுகளைப் பார்ப்பதோடு நிற்காமல், உள்ளே நுழைந்து எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பட்டியல் எடுக்கும் ஸ்கேன் இது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல்லை ஸ்கேன் செய்யும் கருவியிடம் கொடுத்தால் வேலை அப்போதே முடிந்துவிடும். கொடுக்க எனக்கு மனமில்லை. தனிக் கணக்கு, கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பால் மட்டும் உள்நுழைவு, தேவையான கட்டளைகளுக்கு மட்டும் சூடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் அனுமதி) என்றே போனேன்.

சென்ட்ஓஎஸ் 7 ஓடும் பழைய சர்வர் மறுபேச்சின்றி விட்டது. உபுண்டு 22.04 விடவே இல்லை. அதே ஆர்எஸ்ஏ வகைச் சாவி, அதே கணக்கு. டெர்மினலில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் கட்டளை) அடித்தால் உள்ளே போகிறது; கருவி போனால் 'உள்நுழைவு தோல்வி'. கோப்புறைக்கு 700, சாவிக் கோப்புக்கு 600 என்று அனுமதிகளும் சரியாகவே இருந்தன. கருவியின் பிழைச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் பயனில்லை; உள்நுழைவுகளைக் குறித்துவைக்கும் சர்வரின் ஆத்.லாக் பதிவில்தான் விடை இருந்தது. சாவி கையில் இருப்பதை நிரூபிக்கக் கருவி இடும் இந்தக் கையொப்ப முறை ஏற்கப்படும் பட்டியலில் இல்லை என்று அது தெளிவாகவே சொல்லியிருந்தது.

சர்வர்களில் எஸ்எஸ்எச் சேவையைத் தரும் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எச். 2021இல் வந்த அதன் 8.8 பதிப்பு, எஸ்எச்ஏ-1 என்ற பழைய, பலவீனமான முறையைக் கொண்டு இடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாகவே நிறுத்திவிட்டது. உபுண்டு 22.04இல் இருப்பது 8.9. சாவியில் எந்தக் குறையும் இல்லை. டெர்மினல் அதே சாவியால் புதிய எஸ்எச்ஏ-2 முறையில் கையொப்பம் இடுகிறது. கருவிக்குள் இருக்கும் பழைய நூலகத்துக்கு எஸ்எச்ஏ-1 மட்டுமே தெரியும். சென்ட்ஓஎஸ் 7இல் உள்ள 7.4 பதிப்பு அதையும் ஏற்றுக்கொள்கிறது.

இணையத்தில் தேடினால் பலரும் சொல்வது ஒரே வைத்தியம்: சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்பில் ஒரு வரி சேர்த்துப் பழைய கையொப்பத்தை மீண்டும் அனுமதித்துவிடு. எனக்கு இது கொஞ்சமும் உடன்பாடில்லை. பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வரும் கருவிக்காக எல்லாச் சர்வர்களிலும் பாதுகாப்பைத் தளர்த்துவது என்ன நியாயம்? இறங்கி வர வேண்டியது கருவிதான்.

எனவே ஆர்எஸ்ஏவை விட்டு வேறு வகைச் சாவிக்கு மாறினேன். கருவிக்கு எட்25519 என்ற வகை தெரியவில்லை, ஈசிடிஎஸ்ஏ வகை தெரிந்திருந்தது. 256 பிட் ஈசிடிஎஸ்ஏ கையொப்பம் எஸ்எச்ஏ-256ஐப் பயன்படுத்துவதால் உபுண்டுவுக்கு ஆட்சேபம் இல்லை. சாவியை உருவாக்கும்போது பெம் என்ற பழைய கோப்பு வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 7.8 பதிப்பிலிருந்து இயல்பாகக் கிடைப்பது ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சொந்த வடிவம். பழைய நூலகங்கள் அதைப் படிக்கத் திணறும். சர்வரில் பதிந்துவைக்கும் பொதுச் சாவியின் வரியிலேயே ஸ்கேனர் இருக்கும் ஐபி முகவரியையும் குறிப்பிட்டுவிட்டேன். சாவி களவு போனாலும் வேறு முகவரியிலிருந்து அது செல்லாது.

சூடோ பகுதியில் ஒரே ஓர் எச்சரிக்கை. சூடோயர்ஸ்.டி கோப்புறையில் வைக்கும் விதிக் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால், சூடோ அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். பிழை காட்டாது. அந்தக் கணக்குக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று சூடோவையே பட்டியலிடச் சொல்லிப் பார்ப்பதே நம்பகமான வழி. நான் அனுமதித்தவை டிஎம்ஐடிகோட் (வரிசை எண் போன்ற வன்பொருள் விவரங்களைக் காட்டும் கட்டளை), எஸ்எஸ் (நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் கட்டளை) ஆகிய இரண்டும்தான், முழுப் பாதையுடன். மென்பொருள் பட்டியலுக்கு ரூட் தேவையே இல்லை.

டிஎம்ஐடிகோட் என்றதும் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு நினைவுக்கு வருகிறது. அங்கே அலுவலகங்களில் கழித்துவிட்ட மினி கணினிகள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. என்னிடம் இருப்பவற்றில் பாதி அங்கே வாங்கியவை. போகிறவர்கள் லினக்ஸ் ஏற்றிய யுஎஸ்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே அதில் துவக்கி வரிசை எண்ணைப் பாருங்கள். சில மதர்போர்டுகளில் எண்ணுக்குப் பதிலாக 'உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம்தான் இருக்கும். வரிசை எண்ணை வைத்துக் கணினிகளை அடையாளம் காணும் ஸ்கேனர், அப்படிப்பட்ட இரண்டை ஒன்றாகவே எண்ணிவிடும். என் பட்டியலில் இரண்டு பெட்டிகள் இப்போது அப்படித்தான் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. லினக்ஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் தரும் தனி எண்ணான மெஷின்-ஐடியை வைத்துப் பிரிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

டெபியன் 12 ஏற்றிய ராஸ்பெரி பை இன்னும் பாக்கி. அதில் ஆத்.லாக் இல்லையே என்று தேட வேண்டாம். பதிவுகளை ஜர்னல்சிடிஎல் கட்டளை மூலம்தான் பார்க்க வேண்டும். அதற்குள்ளாகவே மனம் எஸ்எஸ்எச் சான்றிதழ்கள் பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு சர்வரிலும் சாவியை நகலெடுத்து வைக்காமல், சில மணி நேரமே செல்லும் சான்றிதழை ஸ்கேனுக்கு முன் வழங்கிவிடலாம். அந்தப் பழைய நூலகம் சான்றிதழை ஏற்குமா என்பதை ராஸ்பெரி பையில்தான் முதலில் சோதிக்கப் போகிறேன்.